உக்காந்த வேலை

என் மூட்டு வயதாகித் தேயவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை மாதம் ஆன பிறகும், பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "வயசானா வரத்தான செய்யும் பாண்டி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு நாற்பத்து நான்கு வயது. நாற்பத்து நான்கில் இற்றுப்போகிற மாதிரி எந்தச் சாமி மூட்டைச் செய்து அனுப்பியது என்று திருப்பிக் கேட்டால் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடுவார்கள்.

அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்களுக்காக எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். கோர்வையாக எழுத வருமா என்று சந்தேகம் இருந்தது. கோபம் இருந்தால் வரும் என்று இப்போது தெரிகிறது.

நாங்கள் எப்படி உட்காருவோம் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் இருந்தது மருந்து அடைக்கிற ரூம். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. உடம்புக்குச் சாப்பிடுவது மாத்திரை. ரூமுக்கு நாலு பேர், சுற்றிலும் வாசல், தரையில் ரப்பர் விரிப்பு. முதல் நாளே சொல்லிவிடுவார்கள், சம்மணம் போடக் கூடாது என்று. சம்மணம் போட்டால் எழுந்திருக்க நேரமாகும். இடது காலை மடக்கிக் கீழே வைத்து, வலது முட்டியை நிமிர்த்தி, வலது பாதத்தைத் தரையில் ஊன்றி, பக்கத்து வாசலைப் பார்த்த மாதிரி உட்கார வேண்டும். உஸ் என்று ஒரு சத்தம் கேட்டால் வலது காலை அழுத்தித் திரும்பி ஒரே எம்பில் வெளியே போய்விட வேண்டும். கை வேலை செய்யும், கால் காத்துக்கிடக்கும். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், இருபத்திரண்டு வருஷம் என் வலது கால் அப்படிக் காத்துக்கிடந்தது.

போன வருஷம் சீசன் ஆரம்பத்தில் அந்த முட்டி உள்பக்கமாக வலிக்க ஆரம்பித்தது. எழும்போது கடுக் என்று ஒரு சத்தம். பிறகு வீக்கம். என் வீட்டுக்காரர் மாரியப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் சிவகாசியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து உள்ளே போனால், டாக்டர் என் முட்டியைத் தொடுவதற்கு முன்னால் என் எடையைக் கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"உக்காந்த வேலைதான் சார்."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். லோடு ஏற்றுகிறவர்கள் பார்ப்பது நின்ற வேலை, நாங்கள் பார்ப்பது உக்காந்த வேலை. சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருக்கும், வெயிலில் நிற்கவில்லையே என்று. ஆனால் அவர் காதில் அது நாற்காலியும் மேசையும் மின்விசிறியுமாக விழுந்திருக்கிறது.

"அதான். நாள் முழுக்க உக்காந்தே இருந்தா மூட்டு இறுகத்தான் செய்யும். தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. உடம்பைக் குறைங்க."

சீட்டில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதினார். உடலுழைப்பு இல்லாத வேலை என்று அதற்கு அர்த்தமாம். ரொம்ப நாள் கழித்து விருதுநகரில் ஒரு நர்ஸ் படித்துச் சொன்னபோது, அந்தச் சீட்டைக் கிழித்து அந்த டாக்டர் வாயிலேயே திணித்துவிட்டு வரலாமா என்று இருந்தது. எப்படி உட்காருவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் நடந்தேன். டாக்டர் சொல்லிவிட்டாரே! காலையில் ஐந்தரை மணிக்குக் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் வேக நடை. பிறகு கம்பெனி வண்டியில் ஏறிப்போய் அதே உக்காந்த வேலை. முட்டிக்குள் கிழிந்துகிடந்த சவ்வைக் காலையில் நடந்து அரைத்தேன், பகலில் மடக்கி நசுக்கினேன். இரண்டு மாதத்தில் முட்டி இரண்டு மடங்கு ஆனது.

இந்த இடத்தில் என் மேலும் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது. வலி தாங்காமல் நான் மெடிக்கல் கடைக்குப் போய் செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம். "மூட்டு வலிக்கு ஒரு செட்டு" என்றால் நாலைந்து மாத்திரையைப் பிரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒன்று போட்டால் சாயங்காலம் வரை வலி இருக்கிற இடம் தெரியாது. எங்கள் ரூமில் நாலு பேரில் மூன்று பேர் அதைத்தான் சாப்பிட்டோம். ஒரு மாதத்தில் என் முகம் பூரித்துப் போனது. கன்னம் உப்பி, நிறம்கூட வந்த மாதிரி இருந்தது. "என்ன மைனி, தெளிஞ்சிட்டீக! மாப்பிள்ளை பாக்கச் சொல்லவா?" என்று என் நாத்தனார் கோமதி கேலி செய்வாள். கோமதி என் வீட்டுக்காரரின் தங்கை, என் ரூமில் எனக்கு எதிர்த்தாற்போல உட்கார்ந்து மருந்து அடைப்பவள். நானும் அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நோயை அழகு என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து ரூமில் உஸ் என்று சத்தம் கேட்டது. புகை தெரிந்தது. கோமதி எம்பிவிட்டாள், மற்ற இருவரும் எம்பிவிட்டார்கள். நானும் வலது காலை அழுத்தினேன். கால் வரவில்லை.

முட்டி பூட்டிக்கொண்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. முன்னால் மருந்துத் தட்டு, வாசல் நாலடி தூரம். கையை ஊன்றி நகர்ந்தால் மருந்து சிந்தும், உரசிப் பற்றும். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாமியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. போய்விட்ட கோமதி திரும்பி வந்தாள். உள்ளே ஓடிவரக் கூடாது என்பது கம்பெனியில் முதல் விதி. வந்து, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, மூட்டையை இழுப்பது போல வெளியே இழுத்துப் போட்டாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கொட்டிக்கிடந்த கொஞ்சம் மருந்து தானாகப் பொசுங்கி அணைந்துவிட்டது. கால் மணி நேரத்தில் எல்லோரும் உள்ளே போய் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் வேப்ப மரத்தடியில் மடங்கிய காலோடு கிடந்தேன். போர்மேன் வந்து பார்த்துவிட்டு, "ஏலே, யாராவது இந்தம்மாவுக்குச் சோடா வாங்கிக் குடுங்கலே" என்றார். என் கால் பூட்டிக்கொண்டதற்கு அவர் கண்ட வைத்தியம் சோடா.

மறுநாள் விருதுநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள் இருந்தேன்.

முதல் நாள் முழுவதும் காத்திருப்பு. சீட்டுப் போட ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. நடக்க முடியாதவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சன்னலாகப் போனார். எலும்பு டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் யாராலும் நிற்க முடியாது என்பது தெரிந்தும், அங்கே பெஞ்சு இரண்டுதான் போட்டு வைத்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து சாய்ந்து, சுவரின் சுண்ணாம்பு இடுப்பு உயரத்தில் தேய்ந்துபோயிருந்தது. இதைப் பற்றி ஒருவரும் சத்தம் போடவில்லை. நான் போட்டேன். ஒரு ஸ்டூல் வந்தது. ஒன்றே ஒன்று.

வார்டில் எனக்குக் கிடைத்த டாக்டரம்மா நல்ல மனுஷி. வாயில் சிரிப்பு கிடையாது, கையில் பொறுமை உண்டு. முட்டியில் ஊசி போட்டு, மஞ்சள் நிறத்தில் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். கொஞ்சம் மரத்த பிறகு காலை மெதுவாக அசைத்து, திருப்பி, ஏதோ ஒரு கோணத்தில் டக் என்று பூட்டைத் திறந்தார். கால் நீண்டது. அழுதுவிட்டேன். பிறகு அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"என்ன வேலை?"

"உக்காந்த வேலைதாம்மா."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "எப்படி உக்காருவீங்க?" என்றார்.

எனக்குச் சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கட்டிலை விட்டு இறங்கவும் முடியாது. பக்கத்தில் நின்ற கோமதிதான், "இருங்கம்மா, நான் காட்டுதேன்" என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு வார்டுத் தரையில் உட்கார்ந்தாள். இடது கால் மடக்கி, வலது முட்டி நிமிர்த்தி. சன்னலைப் பார்த்து உட்கார்ந்தவள், யோசித்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஏன் திரும்புறீங்க?"

"வெடிச்சா ஓடணும்லம்மா."

"எவ்வளவு நேரம் இப்படி?"

"சாப்பாட்டுக்கு எந்திரிப்போம். ஒண்ணுக்குப் போக எந்திரிப்போம். அம்புட்டுதான்."

எழும்போது கோமதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், பிறை வடிவில் ரப்பர் போல இரண்டு சவ்வு இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குள் இருக்கிற வாஷர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பாரம் எலும்பில் இடிக்காமல் அது தாங்கும். முட்டியை முழுக்க மடக்கி உட்கார்ந்தால் அதன் பின்பக்கம் நசுங்கும். மடக்கிய நிலையில் பாரத்தைப் போட்டுத் திருகினால் கிழியும். நாங்கள் எம்பும்போது செய்வது அதைத்தான். எம்பிப் பழக வேண்டும் என்று போர்மேன் சும்மா இருக்கிற நேரத்திலும் கைதட்டி எழுப்பிவிடுவார். கிழிந்த துண்டு கதவுக் கீலில் துணி மாட்டுவது போல மூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் முட்டி பூட்டிக்கொள்ளும். ஓடுவதற்காக வைத்திருந்த கால், ஓடத் தயாராக இருந்தே கெட்டுப்போயிருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கிழிசல் எவ்வளவு என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் அறைக்குள் இரும்பு போகக் கூடாது. ஊக்கு, கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார் அங்கிருந்தவர். "எங்கிட்ட ஒண்ணும் கிடையாது சார்" என்றேன். அவர் நம்பவில்லை, எல்லோரும் ஒரு ஊக்கையாவது மறந்துவிடுவார்களாம். எங்கள் கம்பெனி வாசலிலும் தினமும் இதே சோதனைதான். சேலையை ஊக்குக் குத்தாமல் கட்டியே எனக்குப் பழக்கம். அவர் பாராட்டினார். அந்தப் பாராட்டு ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

குகை மாதிரி இருக்கிற அந்த மிஷினுக்குள் காலை விட்டுப் படுக்க வைத்து, "சத்தமா இருக்கும், அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். டப் டப் டப் என்று இடித்தது. பிறகு டர்ர் என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டால் ஓடு என்று இருபத்திரண்டு வருஷம் பழக்கிய உடம்பு! என் காலுக்கு நான் சொன்னது புரியவில்லை. சத்தம் மாறும்போதெல்லாம் வலது கால் துள்ளியது. படம் கலங்கிப்போய்விட்டது.

"என்னம்மா, சொன்னா கேக்க மாட்டீங்களா? சின்னப் புள்ளயா நீங்க?" என்று கத்தினார்.

"நீங்க வந்து எங்க ரூம்ல ஒரு நாள் உக்காருங்க சார், அப்புறம் சொல்லுங்க" என்று நானும் கத்தினேன். வெளியே இருந்த என் வீட்டுக்காரர் பதறி வாசலுக்கு வந்துவிட்டார். காரணம் தெரிந்ததும் தன் இடுப்பு பெல்ட், சாவி எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, "நான் கிட்ட நிக்கலாமா சார்?" என்று கேட்டார். இரண்டாவது தடவை ஸ்கேன் முடியும் வரைக்கும் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்த மனுஷன் என் காலைப் பிடித்தது அன்றைக்குத்தான். பிறகு பல தடவை சொல்லிக் காட்டிவிட்டேன்.

சவ்வு கிழிந்திருப்பது உறுதியானது. மூட்டின் குருத்தெலும்பும் லேசாகத் தேய ஆரம்பித்திருந்தது. சின்னதாக இரண்டு துளை போட்டு, கேமரா விட்டு, கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக்கிடந்தது. அது இறங்காமல் கத்தி வைக்க முடியாது.

"சர்க்கரை வியாதி எத்தனை வருஷமா?"

"எனக்கு அதெல்லாம் கிடையாதும்மா."

"வேற ஏதாவது மருந்து எடுக்குறீங்களா?"

"மருந்து எதுவும் கிடையாதும்மா" என்றேன். முதல் நாள் நர்ஸ் கேட்டபோதும் இதையேதான் சொல்லியிருந்தேன். எங்கள் பேச்சில் அது பொய் இல்லை. நான் சாப்பிட்டது மாத்திரை. ஆனால் அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோமதிதான் பையிலிருந்து காகித உறையை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பிரித்தார். ஒன்று வலிக்கு. ஒன்று வயிற்றெரிச்சலுக்கு. சின்னதாக வெள்ளையாக இருந்ததைத் தனியே எடுத்துக் காட்டினார். அது ஸ்டீராய்டாம். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் உயிரைக் காக்கிற மாத்திரை. இப்படிக் கணக்கு வழக்கில்லாமல் தின்றால் சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், முகத்தை ஊத வைக்கும். என் அழகின் ரகசியம் அன்றைக்கு வெளியே வந்தது. வலி அடங்கியதால் நான் இன்னும் வேகமாக மடக்கினேன், எம்பினேன், கிழித்தேன். இனிமேல் வேண்டாம் என்று திடீரென்று நிறுத்தவும் கூடாதாம், உடம்பு தள்ளாடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். குடிகாரனுக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார்கள். மெடிக்கல் கடைக்காரர் மேல் எனக்குக் கொலைவெறி. ஆனால் கையை நீட்டி வாங்கியது யார்? இந்தக் கேள்விக்கு வார்டில் படுத்துக்கொண்டு பதில் தேடுவது சுகமாக இல்லை.

சர்க்கரை இறங்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கோமதி வேலை முடிந்து, கையில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் போகாமலே, பஸ் ஏறி வந்து கேப்பைக் களியும் கீரையும் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போவாள். என் வீட்டுக்காரர் இருக்கன்குடிக்குப் போய் வந்தார். மாரியம்மனுக்குக் கால் உருவம் வாங்கிப் போட்டால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வலது கால் மட்டும் கேட்டேன். ஜோடியாத்தான் தருவாகளாம்" என்று வருத்தமாகச் சொன்னார். மாரியாத்தாவுக்கு எந்தக் கால் என்று தெரியாமலா போகும் என்றேன். அன்றைக்குத்தான் வார்டில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதுகுத்தண்டில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். முழித்துக்கொண்டே இருக்கலாம். என்னால் காலை அசைக்க முடியவில்லை என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், வாந்தி வருகிறதா என்று கேட்டாள்.

மறுநாளே பயிற்சி. துண்டை உருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதை அமுக்கிப் பத்து எண்ண வேண்டும். தொடைத் தசை பலமாக இருந்தால் மூட்டுக்குப் பாரம் குறையும். காலை மடக்காமல் நேராகத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். கம்பு பிடித்தால் நோகிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். நான் உட்பட எல்லோரும் தப்பான கையில்தான் பிடிக்கிறோம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். தரையில் உட்காரக் கூடாது, குத்தவைக்கக் கூடாது. வீட்டுக் கக்கூஸை நினைத்து நான் முழித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நடுவில் வட்டமாக ரம்பத்தால் அறுத்து, அறுத்த ஓரம் குத்தாமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஒட்டியிருந்தார் என் வீட்டுக்காரர், கக்கூஸில் போட்டு உட்கார. "நல்லாருக்கா?" என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டார். அத்தனை நாள் கோபத்தில் அந்த ஒரு நாற்காலியிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

நாலு மாதம் போனது. நன்றாக நடக்கிறேன். படி ஏறுகிறேன். கடைசியாகப் போனபோது டாக்டரம்மா ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்: குத்தவைத்து உட்காரும் வேலை கூடாது. அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். போர்மேன் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இங்கன எல்லாமே உக்காந்த வேலைதானம்மா."

"பேக்கிங்ல மேசை இருக்குல அண்ணாச்சி. நின்னுக்கிட்டே லேபிள் ஒட்டுதேன்."

"அங்கன ஆள் ரொம்பி வழியுது. அடைக்கத்தான் ஆள் இல்ல. ஆர்டர் குவிஞ்சு கெடக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய மனது பண்ணுகிறவர் போலச் சொன்னார்: "ஒண்ணு செய்யி. நீ கால நீட்டியே உக்காந்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டேன்.

"கால நீட்டி உக்காந்தா எப்படி ஓடுறது அண்ணாச்சி?"

"என்னம்மா நீ... தினமுமா வெடிக்குது?"

இருபத்திரண்டு வருஷம். சம்மணம் போட்டதற்கு என்னைத் திட்டிய வாய். கைதட்டி எம்ப வைத்த கை. ஓடுவது உயிருக்கு அவசியம் என்று என் முட்டியைத் தின்றவர்கள், முட்டி போன பிறகு ஓடுவது அவ்வளவு அவசியமில்லை என்கிறார்கள். அங்கே நான் என்ன பேசினேன் என்று எழுதினால் இதை அச்சில் போட மாட்டார்கள். கம்பெனி வாசலில் நின்று அரை மணி நேரம் பேசினேன். கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார். டீ குடிக்க வந்த பெண்கள் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் கோமதி மரத்தடித் திண்டில் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் உள்ளே போகக் கிளம்பினாள். திண்டிலிருந்து எழும்போது பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

என் வாய் நின்றுவிட்டது. வார்டில் அவள் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதத்துக்கு மேலாகக் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. ஊரெல்லாம் என்னைக் கேட்கவில்லை என்று சண்டை போட்ட நான், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. களியும் கீரையும் தூக்கிக்கொண்டு வார்டு மாடிப்படி ஏறி வந்தவளை, வந்துவிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு என்னை இழுத்துப் போட அந்த ரூமில் அவள் இருந்தாள். அவளை இழுத்துப் போட நான் அங்கே இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டால், "ஒண்ணுமில்ல மைனி, மரத்துப்போகுது. ஒரு செட்டு போட்டா சரியாப்போகும்" என்றாள். முகத்தைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. தெளிந்திருந்தாள்.

மறுநாள் அவளை வேலைக்கு விடவில்லை. சண்டை போட்டு, அழுது, அவள் அண்ணனை விட்டு அதட்ட வைத்து, விருதுநகருக்குக் கூட்டிப்போனேன். அதே வரிசை, அதே இரண்டு பெஞ்சு. நான் சத்தம் போட்டு வர வைத்த ஸ்டூல் இன்னும் அங்கேயே இருந்தது. அதில் அவளை உட்கார வைத்தேன். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார், வயது கேட்டார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"என்ன வேலை?"

"உக்காந்த வேலைதான் சார்" என்றாள் கோமதி.

நான் சன்னலுக்குள் கையை விட்டு அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படி எழுதாதீக சார். எந்நேரமும் ஓடுறதுக்கு ரெடியா உக்காந்திருக்கிற வேலைன்னு எழுதுங்க."

"அம்புட்டு எழுத இதுல எடமில்லம்மா."

"பின்பக்கம் வெறுமனதான கெடக்கு. அங்கன எழுதுங்க."

பின்னால் வரிசை முனகியது. யாரோ ஒருவர் நேரமாகிறது என்றார். நான் பேனாவை விடவில்லை. அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீட்டைத் திருப்பிப் போட்டார்.